கைத்தொழிலுக்குப் போகும் வழி: ஆங் மோ கியோவிலிருந்து ஒரு பார்வை

இயோ சூ காங் எம்ஆர்டி நிலையத்தை ஒட்டியிருக்கும் ஆங் மோ கியோ வட்டாரத்தில் சிங்கப்பூரின் தொழிற்கல்வி வரலாற்றில் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். அவென்யூ 8இல் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரி இருக்கிறது. ஆங் மோ கியோ டிரைவில் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் மத்தியக் கல்லூரி. கழகத்தின் தலைமையகமும் அதே வளாகத்தில்தான். இன்னொரு பக்கம் தொழிற்பேட்டை 2. இன்றைய எஸ்டிமைக்ரோ எலக்ட்ரானிக்ஸின் முன்னோடியான எஸ்ஜிஎஸ் நிறுவனம் 1984இல் மின்னணுச் சில்லு ஆலையைத் திறந்தது அங்கேதான். பக்கத்தில் ஆட்டோபாயிண்ட் என்ற கட்டடம், மாடிக்கு மாடி கார்ப் பட்டறைகள்.

கல்லூரி, தொழிற்கூடம், பட்டறை மூன்றும் ஒரே நகரில் இருக்கின்றன. ஆனால் பதினாறு வயதில் தேர்வில் சறுக்கிய ஒரு பிள்ளை இவற்றில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போய்ச் சேர்வது அவ்வளவு எளிதாக இல்லை. வாசல் கட்டுவதில் இந்த நாடு காட்டிய அக்கறை பெரிது. வாசலைத் தாண்டியபின் அந்தப் பிள்ளை செய்யும் ஒவ்வோர் ஆண்டு வேலைக்கும் ஓர் உரிமமோ சம்பள உயர்வோ அடுத்த படியோ உறுதியாகக் கிடைக்கிறதா? சில தொழில்களில் கிடைக்கிறது, பலவற்றில் இல்லை. பெற்றோரின் மனத்தை மாற்றுவதற்கு எடுக்கும் முயற்சிகளைவிட இந்த வேறுபாடே பிள்ளைகளின் போக்கைத் தீர்மானிக்கிறது என்பது என் வாதம்.

கதை 1979இல் தொடங்குகிறது. பாதியில் பள்ளியை விட்டுப் போகும் மாணவர் எண்ணிக்கையால் கவலையடைந்த அரசாங்கம், துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையிலான குழுவின் அறிக்கையை ஏற்று மாணவர்களைத் திறனுக்கேற்பப் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. மூன்றாம் வகுப்பு முடிவில் பிரிவினை. நன்றாகப் படிப்பவர்களுக்கு ஆறாண்டுத் தொடக்கக் கல்வி, சற்றுப் பின்தங்கியவர்களுக்கு எட்டாண்டு, மிகவும் பின்தங்கியவர்களுக்கு ஒரே மொழியில் எட்டாண்டு. கடைசிப் பிரிவினர் உயர்நிலைப் பள்ளியைப் பார்க்காமலே தொழிற்பயிற்சிக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களை ஏற்றுக்கொள்ள அதே 1979இல் தொழிற்பயிற்சி வாரியம் ஒன்று உருவானது. ஒன்பது வயதில் எழுதிய தேர்வு ஒருவரின் கை பிடிக்கவேண்டிய கருவி எதுவென்று முடிவுசெய்தது. பள்ளியை விட்டு விலகுவோர் தொகை இதனால் குறைந்தது உண்மை. ஆனால் கைத்தொழில் என்பது படிப்பு வராதவர்கள் போய்ச் சேரும் இடம் என்ற எண்ணம் அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே பதிந்துவிட்டது. பிறகு வந்த சீர்திருத்தங்கள் எல்லாம் இந்த எண்ணத்தோடுதான் மல்லுக்கட்டின.

அதே காலத்தில் முற்றிலும் வேறான ஒரு வழியும் இருந்தது. தமிழ் வாசகர்களுக்கு அது அதிகம் தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1972இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் இந்தியாவின் டாட்டா குழுமத்தோடு சேர்ந்து ஒரு பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது. துல்லியக் கருவிகளும் அச்சுவார்ப்புகளும் செய்யும் தொழிலாளர்களை உருவாக்குவது நோக்கம். தொழில்மயமாகிக்கொண்டிருந்த சிங்கப்பூரில் ஆலைகள் வந்தன, இயந்திரங்கள் வந்தன. இயந்திரத்துக்கு வேண்டிய அச்சைச் செய்யத் தெரிந்த கைகள் போதவில்லை. டாட்டாவுக்கு ஜாம்ஷெட்பூரிலும் பூனாவிலும் அப்ரண்டிஸ்களைப் பயிற்றிய நீண்ட அனுபவம் இருந்தது. அரசு இடத்தையும் கருவிச் செலவில் பங்கையும் கொடுத்தது. நிறுவனம் பயிற்றுநர்களையும் முறையையும் கொடுத்தது. தனக்குத் தேவையானதைவிடக் கூடுதலானோரைப் பயிற்றித் தரவேண்டும் என்பது ஏற்பாடு. மிஞ்சியவர்கள் மற்ற ஆலைகளுக்குப் போவார்கள். அடுத்து 1973இல் ஜெர்மனியின் ரோலை, 1975இல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் இதே மாதிரியில் பயிற்சி நிலையங்களைத் தொடங்கின.

இந்தத் தொழிலைக் கற்பது பொறுமையைக் கேட்கும் காரியம். முதலில் இயந்திரத்தை யாரும் தொடவிடமாட்டார்கள். இரும்புத் துண்டை வைஸில் பிடித்து அரத்தால் தேய்த்துச் சமமாக்கு என்பார்கள். சமமாகும்வரை அதுதான் வேலை. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் என்பது கைக்குத் தெரியவேண்டும். அதன்பின் லேத், அப்புறம் மில்லிங், அப்புறம் அச்சுச் செய்வது. ஒவ்வொரு கட்டத்திலும் பக்கத்தில் ஒரு மூத்தவர் நிற்பார். வேலையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஏற்பார் அல்லது திருப்பித் தருவார். பயிலும் காலத்திலேயே படித்தொகையும் உண்டு. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் என்பது எங்கோ ஒருவர் போடுவது. இங்கே துண்டு பொருந்துகிறதா இல்லையா என்பதைப் பயில்பவரே பார்த்துக்கொள்ளலாம். பள்ளியில் திரும்பத் திரும்பத் தோற்ற பிள்ளைகளுக்கு இந்த நேர்மையான அளவுகோல் எவ்வளவு பெரிய விடுதலை என்பதைப் பட்டறையில் அவர்களோடு நின்ற எந்த மூத்த தொழிலாளியும் சொல்வார்.

ரோலை நிறுவனம் 1981இல் நொடித்து மூடப்பட்டது. அங்கே பழகியவர்களின் கைத்திறன் மூடப்படவில்லை. மற்ற ஆலைகள் அவர்களை எடுத்துக்கொண்டன. எண்பதுகளில் இந்தக் கூட்டுமுயற்சிகளின் தொடர்ச்சியாக ஜெர்மன், பிரெஞ்சு அரசுகளின் துணையோடு தொழில்நுட்ப நிலையங்கள் வந்தன. 1992இல் தொடங்கிய நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியோடு 1993இல் அவை இணைந்தன. கல்லூரியின் முதல் முதல்வர் லின் செங் டன் அந்த நிலையங்களின் பட்டறை வழக்கத்தை உள்ளே கொண்டுவந்தார். கல்லூரிக்குள்ளேயே உண்மையான தொழிற்கூடத்தைப்போல் நிறுவனங்களுக்கு வேலை செய்து கற்பிக்கும் முறை அவருடையது. டாட்டா காலத்து மரபின் ஒரு கிளை இப்படித்தான் ஆங் மோ கியோ வந்து சேர்ந்தது. ஆனால் வந்து சேர்ந்தபோது அது பட்டயப் படிப்பாக உயர்ந்திருந்தது. உள்ளே நுழைய சாதாரண நிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் வேண்டும், இல்லையேல் வேறு நிலையத்தில் படித்து ஏறி வரவேண்டும். தேர்வில் தோற்றவருக்கு மிகவும் பொருத்தமாக இருந்திருக்கக்கூடிய பட்டறைக்கல்வி, தேர்வில் தேறியவர்களின் பக்கம் நகர்ந்துவிட்டது. அந்த உயர்வைக் குறை சொல்லவில்லை. நாட்டுக்கு அது தேவைப்பட்டது. அதற்கு ஒரு விலையும் இருந்தது.

அந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய பொறுப்பு 1992 ஏப்ரலில் பழைய வாரியத்துக்குப் பதிலாகப் பிறந்த தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் மேல் விழுந்தது. எல்லாரும் ஐடிஇ என்றுதான் சொல்கிறார்கள். பழைய வாரியம் தொடக்கப்பள்ளியோடு நின்றவர்களை எடுத்தது. ஐடிஇ பத்தாண்டுப் பள்ளிக்கல்விக்குப் பிந்தைய நிலையமாக வைக்கப்பட்டது. அதற்கு ஏற்ப 1994இல் உயர்நிலைப் பள்ளிகளில் வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவு தொடங்கியது. லா சோங் செங் தலைமையில் தொடங்கிய திட்டத்தின்படி, சிதறிக் கிடந்த சிறு வளாகங்கள் மூன்று பெரிய கல்லூரிகளாகத் திரண்டன. 2005இல் சீமேயில் கிழக்குக் கல்லூரி, 2010இல் சுவா சூ காங்கில் மேற்குக் கல்லூரி, கடைசியாக ஆங் மோ கியோவில் மத்தியக் கல்லூரி. 2007இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ் நிலையம், அரசாங்க நிர்வாகத்தை மாற்றியமைத்த புதுமைக்கான விருதை ஐடிஇக்குக் கொடுத்தது.

2013இல் பிரதமர் லீ சியன் லூங் தேசிய தினப் பேரணி உரையை ஐடிஇயின் ஆங் மோ கியோ வளாகத்தில் நிகழ்த்தினார். அதன்பின் பெரும்பாலான ஆண்டுகளில் அந்த உரை அங்கேதான் நடந்துவருகிறது. 2024இல் லாரன்ஸ் வோங் பிரதமராகத் தன் முதல் பேரணி உரையை ஆற்றியதும் அங்கேதான். ஐடிஇ என்றால் கதை முடிந்தது என்று பிள்ளைகளே தங்களைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்த நாட்டில், நாட்டின் தலைவர் ஆண்டில் மிக முக்கியமான உரையை அந்த மேடையிலிருந்து பேசுவது சிறிய செயல் அல்ல. மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனாலும் 2018இல் மூத்த துணையமைச்சர் ஜனில் புதுச்சேரி வழிநடத்திய ஓர் ஆவணப்படத்தில் வெவ்வேறு பிரிவு மாணவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கட்டடம் மாற்றாத ஒன்று பிள்ளைகளின் மனத்தில் இருந்தது. மேல் பிரிவினர் தங்களை உயர்வாகவும், கீழ்ப் பிரிவினர் தங்களைக் குறைவாகவும் நினைப்பது அந்தப் பேச்சில் மறைவின்றி வெளிவந்தது. அடுத்த ஆண்டே கல்வி அமைச்சர் ஓங் யி காங் பிரிவுமுறை நீக்கப்படும் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் விரைவுநிலை, வழக்கநிலை என்ற பெயர்கள் இல்லாமல் படிக்கிறார்கள். 2027இல் எல்லாருக்கும் ஒரே சான்றிதழ்த் தேர்வு.

இப்போது பயிற்சிக்கு வருகிறேன். ஜெர்மனியின் இரட்டைமுறையைப் பார்த்து 1990இல் ஒரு புதிய அப்ரண்டிஸ் திட்டம் கொண்டுவரப்பட்டது. நிறுவனம் வேலைக்கு எடுத்துக்கொள்ளும், வேலையிடத்தில் கற்றுக்கொடுக்கும். பாடப்பகுதிக்குக் கல்விநிலையம் பொறுப்பு. இன்று அதன் வளர்ந்த வடிவம் வேலை-படிப்பு பட்டயம். 2018இல் தொடங்கியது. ஐடிஇ முடித்தவர் ஒரு நிறுவனத்தில் ஊழியராகச் சேர்கிறார். பயிற்சிக் காலத்தின் பெரும்பகுதி வேலையிடத்தில்; வகுப்புக்குக் கல்லூரி. சம்பளம் முதல் மாதத்திலிருந்து. முடிவில் பட்டயம். அருமையான ஏற்பாடு. ஆனால் ஐடிஇயின் முழுநேர வகுப்புகளில் இருப்பவர்களோடு ஒப்பிட்டால் இந்த வழியில் போவோர் சிறு பகுதிதான். ஆண்டுதோறும் ஒரு வயதுத் தொகுதியில் நான்கில் ஒரு பங்கினர் ஐடிஇக்கு வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதலில் கற்பது கல்லூரிப் பட்டறையில்; உண்மையான வேலையிடம் பிறகு சில மாத இணைப்புப் பயிற்சியாக வருகிறது.

நிறுவனங்கள் தயங்குவதற்கு நியாயமான காரணமும் ஒன்று உண்டு. பதினெட்டு வயதை எட்டும் ஆண் பிள்ளைக்கு ஈராண்டு தேசிய சேவை காத்திருக்கிறது. பட்டறைக்காரர் ஒருவரைப் பழக்கி, வேலை கைக்கு வரத் தொடங்கும் சமயத்தில் அனுப்பிவிட்டு, திரும்பி வருவாரா என்று தெரியாமல் காத்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டு லேத்தைத் தொடாத கை மந்தமாகிவிடும். நாட்டின் பாதுகாப்புக் கடமையைக் குறைத்துச் சொல்லவில்லை. பழகிய தொழிலோடு ஒட்டிய பணியில் அவர்களை அமர்த்த முடிந்த இடத்தில் எல்லாம் அமர்த்தவேண்டும் என்றுதான் கேட்கிறேன். சிறு பட்டறைக்கு அதுவே பெரிய துணை.

எந்தத் தொழில்களில் வழி தெளிவாக இருக்கிறது? மின்வேலையைப் பாருங்கள். எரிசக்திச் சந்தை ஆணையம் மின் ஊழியர் உரிமத்தை மூன்று நிலைகளாக வைத்திருக்கிறது. மின்பணியாளர் உரிமம் பெற்றவர் 45 கிலோவோல்ட்-ஆம்பியர் வரையிலான இணைப்புகளைக் கையாளலாம். அதற்கு மேல் தொழில்நுட்பர், பிறகு பொறியாளர். ஒவ்வொரு நிலைக்கும் படிப்பும் அனுபவமும் சேர்த்து வேண்டும். உரிமம் இல்லாதவர் கையெழுத்திட்டால் மின்சாரம் இணைக்கப்படாது. அதனால் அந்தக் கையெழுத்துக்கு விலை உண்டு. ஐடிஇ சான்றிதழும் சில ஆண்டு அனுபவமும் உள்ள இளைஞர் முதல் உரிமத்தை வாங்கிவிட்டால், அவர் பள்ளியில் என்ன மதிப்பெண் எடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை. குழாய்ப் பணிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் உண்டு. லிஃப்ட் பராமரிப்பு படிப்படியாக உயரும் சம்பள முறைக்குள் வந்துவிட்டது. எந்தத் திறனுக்கு எந்தச் சம்பளம் என்று முன்பே எழுதப்பட்டிருக்கிறது. வீவக புளோக்குகளில் தளத்துக்குத் தளம் லிஃப்ட் நிற்கும்படி மாற்றிய நாடு, அவற்றைப் பராமரிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறது. கார்ப் பட்டறைகளிலும் மாற்றம் தொடங்கிவிட்டது. 2025 முதல் புதிய டீசல் கார்களுக்கும் டாக்சிகளுக்கும் பதிவு இல்லை. 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாம் தூய எரிசக்தியில் ஓடவேண்டும். உயர் மின்னழுத்த பேட்டரியைப் பாதுகாப்பாகக் கழற்றத் தெரிந்தவர் ஆட்டோபாயிண்டில் இனி எல்லாருக்கும் வேண்டியவர்.

உரிமம் இல்லாத தொழில்களின் நிலை வேறு. இதைத் தமிழர்கள் வெளிப்படையாகப் பேசவேண்டும். கம்பி கட்டுதல், கொத்து, பலகையடித்தல், வெல்டிங்கில் ஒரு பகுதி ஆகியவற்றைச் சிங்கப்பூரில் செய்பவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வேலை அனுமதிச்சீட்டில் வந்தவர்கள். கட்டட, கட்டுமான ஆணையத்தின் திறன் மதிப்பீட்டுத் தேர்வை ஊரிலேயே பணம் கட்டி எழுதித் தேறித்தான் விமானம் ஏறுகிறார்கள். பலர் அங்கே ஐடிஐ எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து முடித்தவர்கள், சிலர் பொறியியல் பட்டயம் வாங்கியவர்கள். ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கோர்ஸ் சாலைத் திடலில் உட்கார்ந்திருப்பவர்களிடம் பேசினால், தேர்ந்த கைவேலைக்காரர்கள் எத்தனை பேர் என்று புரியும். அவர்கள் திறனில் குறை இல்லை. அவர்களுக்குக் கொடுக்கப்படும் சம்பளம்தான் குறைவு. அந்தக் குறைந்த சம்பளம் அந்தத் தொழிலின் விலையாகவே ஆகிவிட்டபின், உள்ளூர்ப் பிள்ளையிடம் போய் உழைப்பு உயர்ந்தது என்று சொல்லிப் பயனில்லை. வந்தவருக்கு நியாயமான கூலி கொடுப்பதும், இங்கே பிறந்த பிள்ளைக்குக் கைத்தொழிலில் வழி திறப்பதும் ஒரே கேள்வியின் இரண்டு பக்கங்கள். திறன் கூடிய ஊழியருக்கு முதலாளி கட்டும் தீர்வையைக் குறைத்து வைத்திருக்கிறார்கள்; நல்ல தொடக்கம். அந்தத் திறன் உயர்வு ஊழியரின் கைக்கும் வரவேண்டும்.

இந்தச் சமூகத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு வரலாறும் இருக்கிறது. எண்பதுகளில் இந்தியப் பிள்ளைகளின் தேர்ச்சி, குறிப்பாகக் கணிதத்தில், கவலை தரும் அளவுக்குச் சரிந்தது. ஒரு நடவடிக்கைக் குழு ஆராய்ந்து அறிக்கை தந்தது. 1991இல் சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் பிறந்தது. இன்றும் லிட்டில் இந்தியாவில், பீட்டி சாலையில் இருந்துகொண்டு துணைப்பாட வகுப்பு, குடும்ப ஆதரவு, உதவித்தொகை என்று உழைக்கிறது. சிண்டாவின் விருதுகளில் ஐடிஇ மாணவர்களுக்கும் இடம் உண்டு. அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத டவுனர் சாலையில், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தோற்றவர்களுக்காக 2007இல் தொடங்கிய நார்த்லைட் பள்ளி இயங்குகிறது. பதின்மூன்று வயதிலேயே கைவேலைப் பாடத்தோடு அவர்களைத் தொழிலுக்கு அழைத்துப்போகும் பள்ளி அது. துணைப்பாட வகுப்பு பிள்ளையைப் பள்ளிக்குள் வைத்திருக்க உதவும். பள்ளியை விட்டு வெளியே வந்த பிள்ளையைப் பட்டறைக்கு அழைத்துப்போக வேறு வகையான ஆள் வேண்டும். தொழில் தெரிந்தவர், பட்டறைக்காரர்களின் பெயர் தெரிந்தவர், காலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் எழுப்பக்கூடியவர்.

எஸ். ஆர். நாதனின் வாழ்க்கையைச் சொன்னால் இது தெளிவாகும். இருமுறை பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு, பதினாறு வயதில் வீட்டை விட்டு ஓடியவர். வேலை செய்துகொண்டே தபால்வழிப் படித்து, 1954இல் அன்றைய மலாயாப் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணிக்கான பட்டயம் வாங்கினார். பின்னாளில் கப்பல் பட்டறை ஒன்றின் தலைவர்; 1999 முதல் 2011 வரை நாட்டின் அதிபர். அவர் பெயரிலான கல்வி நிதி ஐடிஇ மாணவர்களுக்கும் உதவுகிறது. அவரைப்போல் தானே வழி கண்டுபிடிப்பவர்கள் மிகச் சிலர். மற்ற பிள்ளைகளுக்கு வழி இருக்கவேண்டும், அதைக் காட்ட ஆளும் இருக்கவேண்டும்.

வீடுகளில் நடப்பதும் எனக்குத் தெரியும். முடிவு வந்த நாளில் உறவினர் தொலைபேசிகள் அணைக்கப்படும். பக்கத்து வீட்டு அக்கா மகள் எங்கே சேர்ந்தாள் என்ற பேச்சு எழும். பெற்றோரைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. 2024இல் முழுநேர வேலையில் சேர்ந்த பல்கலைக்கழகப் பட்டதாரியின் இடைநிலைத் தொடக்கச் சம்பளம் 4,500 வெள்ளி. பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயதாரிக்கு ஏறத்தாழ 2,900 வெள்ளி. ஐடிஇ முடித்தவருக்கு அதனினும் குறைவு. தங்கள் காலத்துக்குப் பின் பிள்ளை எப்படி வாழும் என்று எண்ணும் தாய் தகப்பன் கணக்குப் பார்க்கத்தான் செய்வார்கள். அரசாங்கமும் அந்தக் கணக்கைப் புரிந்துகொண்டது. 2024 வரவுசெலவுத் திட்டத்தில் வந்த ஐடிஇ முன்னேற்ற விருதின்படி, முப்பது வயதுக்குள் பட்டயப் படிப்பில் சேரும், ஐடிஇ முடித்தவருக்கு 5,000 வெள்ளி கல்விக் கணக்கில் சேரும். முடித்தால் 10,000 வெள்ளி மத்திய சேமநிதிக்குப் போகும். உதவி உண்மையானது. ஆனால் அது பட்டயத்தை நோக்கி ஏறுபவருக்குக் கிடைப்பது. பட்டயம் வேண்டாம், நான் மின்பணியிலேயே தேர்ந்தவனாகிறேன் என்று சொல்லி முதல் உரிமத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் இளைஞருக்கும் அதே 10,000 வெள்ளி ஏன் கூடாது? ஐந்தாண்டு லிஃப்ட் குழிக்குள் நின்று கற்ற திறனும் நாட்டின் சொத்துத்தான்.

2027இல் பொதுச் சான்றிதழ்த் தேர்வை எழுதும் முதல் தொகுதியினர் அதற்கடுத்த ஆண்டு ஆங் மோ கியோ டிரைவுக்கு வரத் தொடங்குவார்கள். வழக்கநிலை என்ற பெயர் அவர்கள் மேல் ஒட்டியிருக்காது. அவர்களுக்குத் தேவைப்படுவது தொழிற்பேட்டை 2இலோ ஜூரோங்கிலோ ஒரு பட்டறை, அங்கே ஒரு பயிற்றுநர், கையொப்பமிட்ட ஒப்பந்தம், மூன்றாம் ஆண்டு முடிவில் எந்த உரிமம் எவ்வளவு சம்பளம் என்று எழுதிய தாள். சேர்க்கைக்கு முன் அந்தத் தாளைக் காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு இருக்கவேண்டும். சிண்டா போன்ற அமைப்புகள் துணைப்பாடத்துக்கு ஆசிரியர் திரட்டுவதைப்போலவே உரிமம் பெற்ற மின்பணியாளர்களையும் லிஃப்ட் தொழில்நுட்பர்களையும் கார்ப் பட்டறை முதலாளிகளையும் திரட்டலாம். நம் சமூகத்தில் அப்படிப்பட்டவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஒரு காலத்தில் பள்ளியில் தோற்றவர்கள்தாம். ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையைத் தன்னோடு வைத்துப் பழக்க ஒப்புக்கொண்டால், 2028க்குள் அந்தப் பட்டியலைத் தயாரித்துவிடலாம்.